மேல்வீட்டுக்காரர்கள்

ஆடி மாதப் பந்தலில் விடியற்காலை ஐந்து மணிக்கே பாட்டுப் போட்டால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கட்சிக் கூட்டத்துக் கூம்பு ஒலிபெருக்கியைத் திட்டி அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் யாராவது எடுத்துப் போடுவார்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அந்த வரியை மட்டும் நாம் யாரும் குழுவில் போட்டதில்லை. போட்டால், அடுக்குமாடியில் நம் எல்லை காம்பவுண்டுச் சுவர் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிற தளம்தான் என்பது தெரிந்துபோகும்.

அந்தத் தளத்தின் மேல் நாம் அடிக்கிற கூத்து கொஞ்சமில்லை. டைனிங் நாற்காலியைத் தூக்கி வைக்காமல் இழுத்துப் போடுகிறோம். ராத்திரி பத்தரைக்கு ரசத்துக்கு மிளகு தட்ட, இடிகல்லை வெறும் டைல்ஸ் மேல் வைக்கிறோம். பேச்சுச் சத்தம் காற்றில் வருவது. சுவரைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். இடிப்பதும் இழுப்பதும் அப்படியில்லை. அதிர்வு நேராகக் கான்கிரீட்டில் இறங்கி, கீழ்வீட்டின் மேல்தளம் முழுவதையும் ஸ்பீக்கராக்கிவிடும். உரலும் அம்மியும் கொல்லைப்புறத்தில் கிடந்தவரை அந்த அடியை மண் வாங்கிக்கொண்டது. இப்போது அடுத்தவர் தலை வாங்கிக்கொள்கிறது. இடிகல்லுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு சாக்கும், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ்ஷும் போதும். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தேக்கில் டேபிள் செய்யச் சொல்லிச் செலவழித்த நமக்கு அது மட்டும் தோன்றவில்லை.

பகலில் என்ன செய்தாலும் தப்பில்லை என்று வேறு நினைத்துக்கொண்டோம். நைட் டியூட்டி முடித்து காலை எட்டு மணிக்கு வந்து படுக்கிற நர்சுக்கும் கால்சென்டர் பையனுக்கும் நம் பத்து மணி மிக்ஸிதான் நடுராத்திரிச் சத்தம். மிக்ஸியை நிறுத்த முடியாது, சரி. சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டிருக்கலாம்.

சாமி பாட்டு என்றால் வால்யூமுக்குக் கணக்கே வைத்ததில்லை. கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நாம் அதைப் பந்தல்காரருக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம்.

கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மேலே ஏறி வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார், பொண்ணுக்குப் பப்ளிக் எக்ஸாம்...” என்று இழுத்தார். “குழந்தைங்க இருக்கிற வீடு சார், அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினோம். பதினொரு மணிக்கு டைல்ஸ் மேல் பந்தை அடித்துக்கொண்டிருந்த பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டோம். அவர் வாடகைக்கு இருப்பவர், நாம் ஓனர். அவர் தன் ஹவுஸ் ஓனரிடம் முறையிட்டிருந்தால் “ஒத்துவரலேன்னா காலி பண்ணிக்குங்க” என்ற பதில்தான் வந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்த விஷயத்தில் நம் அசட்டைக்குப் பெரிய துணை அதுதான்.

பரீட்சை முடிந்ததும் அவர்கள் காலி செய்தார்கள். ஏன் என்று நாம் கேட்கவில்லை. லிஃப்ட் பக்கம் நின்று, “நல்ல மனுஷங்க, இருக்கிற இடமே தெரியாது” என்று பாராட்டி வழியனுப்பினோம். அடுத்து வருகிறவர்களையும் அதே மாதிரி பார்த்துக் கொண்டுவரும்படி புரோக்கரிடம் சொல்லியிருக்கிறோம்.