வீட்டு மீடியா சேர்வர்: காசை எதில் போடுவது?

எங்கட ஊர்ப் பிள்ளைகள் சிலர் இப்போது "வீட்டுக்கு ஒரு மீடியா சேர்வர் கட்டப் போறோம்" என்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அவர்கள் எழுதிவரும் சாமான் பட்டியலைப் பார்த்தால், முக்கால்வாசிக் காசு கேம் விளையாடும் கணினிக்கே போகிறது. வீட்டின் படங்களையும் வீடியோக்களையும் காப்பாற்ற வேண்டிய பொருளுக்கு மிச்சக் காசுதான். இதை நாம் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இந்தப் பதிவின் கருத்து.

தெரியாதவர்களுக்காக: மீடியா சேர்வர் என்பது வீட்டின் ஒரு மூலையில் எந்நேரமும் ஓடும் ஒரு சின்னக் கணினி. கலியாண வீடியோ, மூத்தம்மாவின் குரல்பதிவு, பிள்ளைகளின் பாட வீடியோ எல்லாம் அதில் இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்த எந்தப் போனிலும் ரீவியிலும் பார்க்கலாம். வெளி இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். கொரோனா காலத்தில் டேட்டா கார்டுக்கும் சிக்னலுக்கும் எமது மாணவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். ஒரு பாடத்தை ஒரு தடவை இறக்கி வைத்தால், வீட்டில் நான்கு பிள்ளைகளும் டேட்டா செலவில்லாமல் பார்ப்பார்கள்.

முதலில் புரொசெசர். வீடியோவை ரீவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் வேலைதான் சேர்வருக்குப் பாரமானது. இன்டெல் புரொசெசர்களில் இதற்கென்றே 'குவிக் சிங்க்' என்ற பகுதி உள்ளே இருக்கிறது. 2023இல் வந்த என்100 என்ற சின்னப் புரொசெசர் ஒரு வீட்டுக்குத் தாராளம். அதுவும் வேண்டாம் என்றால், கம்பனிகள் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டொப்களில் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் உள்ளதைப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் வாங்க வேண்டாம். அதில் உள்ளக கிரபிக்ஸ் இல்லை. தனி கிரபிக்ஸ் கார்ட் தேவையில்லை. ரெம் 8 ஜிபி போதும்.

அடுத்தது கரண்ட் பில். சின்னக் கணினி ஏறத்தாழ 10 வாட் இழுத்தால், 24 மணி நேரமும் ஓடி மாதத்துக்கு 7 யூனிட் அளவில் முடியும். பெரிய கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தால் மாதம் 43 யூனிட். எமது நாட்டில் 60 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண வீதமே மாறிவிடும். பிள்ளை லைட் எரியும் பெட்டியை ஆசைப்பட்டு வாங்குவான். பில் கட்டுவது வாப்பா.

சேர்வருக்கான மென்பொருளுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. 2018இல் தொடங்கிய ஜெலிஃபின் முழுவதும் இலவசம். பிளெக்ஸும் நல்லதுதான், ஆனால் புரொசெசரின் அந்த வீடியோ மாற்றும் வசதியைப் பாவிக்க அதில் பணம் கட்ட வேண்டும்.

இப்படி மிச்சம் பிடித்த காசை ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். ஒன்றில் அல்ல, இரண்டில். எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். குடும்பத்தில் நூறு டிவிடி இருந்தாலும் 470 ஜிபிதான். ஒரு படம் 4 எம்பி என்றால் இருபதாயிரம் படங்களுக்கு 80 ஜிபி. 4 டிபி டிஸ்க் ஒன்று பல வருடங்களுக்குக் காணும். 16 டிபி ஒன்று வாங்கும் காசுக்கு 4 டிபி இரண்டு வாங்குவது புத்தி.

"ரெய்டு போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ரெய்டு ஒரு டிஸ்க் பழுதானால் மட்டுமே கைகொடுக்கும். சின்னவன் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். திருடன் பெட்டியோடு தூக்குவான்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் அல்பங்களும் கெசட்டுகளும் வீட்டோடு போயின. மௌத்தான உம்மாவின் ஒரு படம்கூடக் கையில் இல்லாத பிள்ளைகள் எம்மிடையே இருக்கிறார்கள். அன்று கொப்பி எடுக்க வழி குறைவு. இன்று வழி இருக்கிறது. இரண்டாவது டிஸ்க் அதே வீட்டு அலுமாரியில் இருக்கக் கூடாது. கடலுக்குத் தள்ளியிருக்கும் ராத்தா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து புதியதைக் கொப்பி பண்ணித் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் அவசியம். 2022இல் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதைக் கண்டவர்கள் நாம். யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. கணினியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தரும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் கெட்டுப்போகும். அதைத் தடுக்க அந்த நிமிடங்கள் போதும்.

சிலர் "எல்லாம் போன்லயும் கூகுளிலயும் கிடக்குதே" என்பார்கள். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் தரம் குறைந்த படம். டிவிடிகளோ கீறி, பூத்து வருகின்றன. புதிய லெப்டொப்களில் அவற்றைப் போடும் இடமே இல்லை. தள்ளிப்போட நேரமில்லை.

ஆகவே கடைக்குப் போகமுன் ஒரு வேலை செய்வோம். வரும் பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கும் டிவிடி, மெமரி கார்ட், பழைய போன் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்போம். எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி எழுதுவோம். அதற்கு ஏற்ற இரண்டு ஹார்ட் டிஸ்க்கின் விலையை முதலில் ஒதுக்குவோம். மிஞ்சும் காசில் வரும் கணினி சின்னதாக இருந்தாலும் போதும்.