கடன் கொடுத்தவர் நிரூபிக்கட்டும்

நம் வங்கிக் கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் யாரோ பணத்தை எடுத்துவிட்டால், அதற்கு நாம்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியின் தலையில் இருக்கிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. நம் பக்கம் கவனக்குறைவு இல்லாமல், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதே நம் பான் எண்ணையும் ஆதார் நகலையும் வைத்துக்கொண்டு யாரோ நம் பெயரில் கடன் வாங்கிவிட்டாலோ, எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. “நான் வாங்கவில்லை” என்று நாம்தான் அலைந்து திரிந்து நிரூபிக்க வேண்டும். வாங்காத கடனுக்கு எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது?

பொதுத்துறை வங்கி ஒன்றில், பெரும்பாலும் கடன் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை இந்த அநியாயத்தின் முழு கனம் எனக்குத் தெரியவில்லை. என் தங்கைக்கு நடந்தபோதுதான் தெரிந்தது.

தங்கை கரூரில் இருக்கிறாள். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தையல் வேலை. அவள் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மகளுக்கு கவுன்சலிங்கில் பொறியியல் சீட் கிடைத்தது. கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனார்கள். நாலு லட்சம் வரையான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட்டு இணைக் கடனாளி ஆக வேண்டும். அங்கேதான் கதவு சாத்தியது. “அம்மா பேர்ல ரெண்டு கடன் கட்டாம இருக்கே” என்றார் அந்தக் கிளையில் இருந்த பையன். தங்கை அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். “நான் ஒரு கடனும் வாங்கலக்கா. மகளிர் குழுவுல வாங்குனதக்கூட தவணை தவறாம கட்டிட்டேன். இவரு என்னையச் சந்தேகமா பாக்குறாருக்கா.” கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. பெயர் திருடப்பட்டவள் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது சொந்த வீட்டுக்குள்.

அவளுடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தோம். இந்த ரிப்போர்ட்டைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் 300-க்கும் 900-க்கும் நடுவில் வரும் அந்த மூன்று இலக்க ஸ்கோரைப் பார்த்து மூடிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும் பகுதியை. தங்கையின் கரூர் முகவரி இருந்தது. அதற்குக் கீழே நாக்பூரில் ஒரு முகவரி. அவளுடைய செல் எண் இருந்தது. கூடவே அவள் வாழ்க்கையில் பார்த்தே இராத ஓர் எண். அடுத்து, யார் யார் அவள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினார்கள் என்ற பகுதி. ஒரே நாளில் ஐந்து நிறுவனங்கள் கேட்டிருந்தன. ஒருவன் உட்கார்ந்து, ஒரு செயலி மறுத்தால் அடுத்த செயலி என்று முயன்றிருக்கிறான். கடன் கணக்குகள் இருக்கும் பகுதியில் மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் எத்தனை நாள் பாக்கி என்ற எண். செல்போன் கடையில் தவணைக்கு வாங்கிய ஒரு கடனில் முதல் இரண்டு கட்டங்களில் 000. பிறகு 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போனது. முதல் இரண்டு தவணையைத் திருடனே கட்டியிருக்கிறான், சந்தேகம் வராமல் இருக்க. இன்னொன்று செயலி வழியாக வாங்கிய தனிநபர் கடன்.

இரண்டுமே சின்னத் தொகைகள். முகம் பார்க்காமல் ஆதார் ஓடிபியை மட்டும் நம்பித் திறக்கும் கணக்குகளுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்கு மேல் கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதி சொல்கிறது. பெரிய கொள்ளையைத் தடுக்க வைத்த வரம்பு அது. ஒரு தையல்காரப் பெண்ணின் மகள் படிப்பை நிறுத்துவதற்கு அறுபதாயிரம்கூட வேண்டியதில்லை.

பிறகு தொடங்கியது அலைச்சல். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினால், எஃப்ஐஆர் நகல் அனுப்புங்கள் என்று பதில். காவல் நிலையத்துக்குப் போனால், புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தந்தார்கள். “பணம் எதுவும் போகலயேம்மா, என்னன்னு கேஸ் போடுறது?” என்று அங்கே கேட்டார்கள். போனது பணமில்லை, பெயர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். அந்தப் பிரிவைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பேச்சு மாறியது. எழுதிக் கொடுக்க வங்கியில் வேலை பார்த்த அக்கா இல்லாத வீடுகள் என்ன செய்யும்?

இந்த ரிப்போர்ட்டைத் தரும் கடன் தகவல் நிறுவனத்திடம் முறையிட்டால் அவர்கள் சொல்வது சுருக்கமானது: கடன் கொடுத்தவர் சரி என்றால் எங்களால் திருத்த முடியாது. அதாவது, யார் தவறு செய்தாரோ அவரிடமே கேட்டு, அவர் “எங்கள் பதிவு சரிதான்” என்று சொன்னால் விசாரணை முடிந்தது. இந்தியாவில் இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒன்றில் திருத்தினால் மற்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

நாங்கள் விடாமல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். கடன் விண்ணப்பத்தின் நகல், அதோடு வாங்கிய ஆவணங்கள், எடுத்த புகைப்படம், பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் விவரம். ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போவோம் என்று எழுதிய பிறகு செல்போன் கடனுக்கான கோப்பு வந்தது. அதில் கடை ஊழியர் எடுத்த படத்தில் இருந்தது என் தங்கை இல்லை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் வேறொரு பெண். தங்கைக்கு நாற்பத்தாறு. ஆதாரில் இருக்கும் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். செயலிக் கடனுக்கான பணம் தங்கை பெயரில் வேறொரு வங்கியில் திறக்கப்பட்ட கணக்குக்குப் போயிருந்தது. அந்தக் கணக்கோடு இணைந்திருந்த செல் எண் அவளுடையது அல்ல.

இதை நான் சும்மா விட முடியாது என்பதற்குக் காரணம் அந்தப் படம்தான். அவள் கடன் வாங்கவில்லை என்பதற்கான ஆதாரம் முதல் நாளிலிருந்தே கடன் கொடுத்தவரின் கோப்பில் இருந்திருக்கிறது. அவர்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை. கையில் ஒன்றுமே இல்லாத அவளிடம் ஆதாரம் கேட்டார்கள். வசூலுக்கு ஆள் வைத்து அவளை வேலை நேரத்தில் கூப்பிட்டார்கள். காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் வசூல் அழைப்பு கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. நடுப்பகலில், மேற்பார்வையாளர் முன்னால், வாங்காத கடனுக்குக் கூப்பிடுவதை எந்த உத்தரவு தடுக்கிறது?

சில முன்னேற்றங்கள் நடந்திருக்கின்றன, மறுக்கவில்லை. புகார் கொடுத்து 30 நாளில் திருத்தவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து ஆம்புட்ஸ்மேன் திட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் இந்த 100 ரூபாய் தாமதத்துக்கான தண்டனை. “பதிவு சரிதான்” என்று 29-ஆம் நாள் ஒரு வரி பதில் அனுப்பிவிட்டால் தாமதமே இல்லை.

2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன் தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், தன் சிபில் கெட்டுவிட்டதாகவும் சமூக ஊடகத்தில் எழுதினார். சீக்கிரமே சரிசெய்து கொடுத்தார்கள். புகழ் உள்ளவருக்குச் சில நாட்களில் முடிந்த வேலை என் தங்கைக்கு மாதக் கணக்கில் இழுத்தது. செல்போன் கடன் நீக்கப்பட்டுவிட்டது. செயலிக் கடன் இன்னும் “சர்ச்சையில் உள்ளது” என்ற குறிப்போடு நிற்கிறது. முதல் பருவக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்தார்கள். பிறகு மகளின் அப்பாவை இணைக் கடனாளியாக்கிக் கல்விக் கடன் வாங்கினோம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் கறை கடனோடு நிற்பதில்லை. கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவருடைய பணி நியமனத்தை ரத்து செய்ததை, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. அந்த வழக்கில் கடன்கள் அவர் வாங்கியவைதான். ஆனால் வேலைக்கே உலைவைக்கும் அளவுக்கு அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கிறது என்றால், அதில் பொய் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதே அளவுக்கு இருக்க வேண்டாமா?

“ஜெராக்ஸ் குடுத்தது உங்க தப்பும்மா” என்று வசூல்காரர் ஒருவர் தங்கையிடம் சொன்னாராம். இதை ஏற்க மாட்டேன். சிம் கார்டு, கேஸ் இணைப்பு, குழுக் கடன், பள்ளிச் சேர்க்கை, லாட்ஜ் அறை என்று எதற்குப் போனாலும் ஆதார் நகல் கேட்கும் நாடு இது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்களுக்குத் தெளிவாகச் சொல்ல அரசே தயங்கிய விஷயத்தில், கரூர்ப் பெண்ணைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுக்கலாம், பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். செய்யுங்கள். செய்யாததால் யாரும் கடனாளி ஆகிவிட மாட்டார்கள்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, பேசவே கூசும் பக்கம். திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பது. நம் வீடுகளில் ஐந்து பேருக்கு ஒரே செல் எண். அம்மாவின் ஆதாரும் மகன் எண்ணோடு இணைந்திருக்கும். ஓடிபி அவனுக்குத்தான் வரும். ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை விட்ட மகன் அப்பா பெயரில் கடன் எடுத்ததையும், கணவன் மனைவிக்குத் தெரியாமல் அவள் பான் எண்ணைப் பயன்படுத்தியதையும் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். தெரிந்ததும் அம்மாக்கள் சொல்வது ஒன்றுதான்: “எம் புள்ளதானுங்க, விட்டுருங்க.” அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. அப்படி விடுவது என்று முடிவெடுத்தால் முழுத் தொகையையும் கட்டி, பாக்கியில்லைச் சான்று வாங்கி, ரிப்போர்ட்டில் “முடிக்கப்பட்டது” என்று வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி கட்டினால் போதும், செட்டில் செய்துகொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். “செட்டில்டு” என்ற குறிப்பு கறையாகவே நிற்கும். வெளியாள் செய்த மோசடி என்றால் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. தொல்லை விட்டால் போதும் என்று கட்டும் முதல் தவணையை, கடனை நீங்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக்கிவிடுவார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை நான்கு நிறுவனங்களும் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். வீட்டில் பான் அட்டை உள்ள ஒவ்வொருவருக்கும் வாங்கிப் பாருங்கள், வேலைக்குப் போகாத அம்மாவுக்கும், வயதான மாமியாருக்கும். அவர்கள் பெயரில்தான் யாரும் பார்ப்பதில்லை. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்துவிடலாம்.

ரிசர்வ் வங்கியிடம் கேட்பது இதுதான். 2017-இல் வங்கிக் கணக்குக்குக் கொடுத்த பாதுகாப்பைக் கடனுக்கும் விரித்து எழுதுங்கள். “இது என் கடன் இல்லை” என்று ஒருவர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, கடன் கொடுத்தவர் விண்ணப்பத்தையும் படத்தையும் பணம் போன கணக்கையும் காட்டி நிரூபிக்கும்வரை அந்தப் பதிவு புகார் கொடுத்தவரின் ஸ்கோரைத் தொடக் கூடாது, வசூல் அழைப்பும் கூடாது. அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து கோடிக்கணக்கானோரின் விவரங்கள் கசிந்த பிறகு, 2018 செப்டம்பர் முதல் யாரும் தங்கள் ரிப்போர்ட்டை இலவசமாகப் பூட்டி வைக்கலாம் என்று சட்டமே வந்துவிட்டது. பூட்டியிருக்கும்போது புதிதாகக் கடன் தர வருபவர் அதைத் திறந்து பார்க்க முடியாது. அந்தப் பூட்டை இங்கே ஒவ்வொரு பான் எண்ணுக்கும் இலவசமாகக் கொடுங்கள். என் தங்கை ஆண்டு முழுக்கப் பூட்டியே வைத்திருப்பாள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் திறந்தால் போதும் அவளுக்கு.