அல்லது!

கல்யாணம் நடந்தது. மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். தலைவர்கள் வாழ்த்திப் பேசினார்கள். பந்தி முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால், கோர்ட்டுக்குப் போனால் அது கல்யாணமே அல்ல!

சென்னை ராஜ்யத்தில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்களின் நிலை ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாத இந்தத் திருமணம் இந்து சட்டப்படி செல்லாது என்று 1953-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நெடுநாள் வழக்கம் என்று சொல்வதற்கும் இடமில்லை. ஏனென்றால், அந்த முறையே புதிது. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளைத்தான் கேட்டது. புருஷன் கண்ணை மூடியதும், "இவள் மனைவியே அல்ல, சொத்தில் பங்கு ஏது?" என்று பங்காளி கேட்டால், அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்?

எழுதி வைத்ததைப் படித்துப் பொருள் சொல்வது கோர்ட்டின் வேலை. புதிதாக எழுதவேண்டியது சட்டசபை. 1967-ல் அண்ணா மந்திரிசபை அதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தது.

மசோதாவின் கொள்கை பற்றி நடக்கும் விவாதத்தைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போடும். அதன்பின் ஷரத்து ஷரத்தாக எடுத்து ஓட்டுக்கு விடுவார்கள். காலரியில் இருப்பவர்கள் கொட்டாவி விடும் நேரம் அது. ஆனால், சட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சட்டத்தையே பாருங்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம். அல்லது மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று நடந்தால் திருமணம் செல்லும். அந்த "அல்லது" இருக்கும் இடத்தில் "மற்றும்" என்று எழுதியிருந்தால்? தாலி வேண்டாம் என்று துணிந்தவர்கள் பழைய நிலையிலேயே நின்றிருப்பார்கள்.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. ஏற்கெனவே நடந்த திருமணங்களை என்ன செய்வது? அவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது சட்டம். நல்லது. ஆனால், பழைய திருமணம் செல்லாது என்று நம்பி, இடையில் வேறொருவரைச் சட்டப்படி மணந்துகொண்ட பெண் இருப்பாளே? பழையது உயிர் பெற்றால் அவளுக்கு இரண்டு புருஷன் ஆகிவிடும்! அப்படிப்பட்ட திருமணங்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கு எழுதினார்கள். முன்பு செய்த எதற்காகவும் இதனால் யாருக்கும் தண்டனை வராது என்றும் சேர்த்தார்கள். முதல் உறவில் பிறந்த குழந்தைகள்? அவர்களும் முறையாகப் பிறந்த குழந்தைகளே என்று தனியாக ஒரு பிரிவு வைத்தார்கள். எந்த வீட்டில் யார் அழுவார்கள் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் எழுதிய வரிகள் இவை.

சட்டசபையும், அப்போது இருந்த மேல்-சபையும் நிறைவேற்றிய பிறகும் வேலை முடியவில்லை. திருமணம் என்பது மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். இரண்டும் மோதினால் மத்திய சட்டமே நிற்கும். ஜனாதிபதியின் சம்மதம் பெற்றால் மட்டுமே ராஜ்யச் சட்டம் அந்த ராஜ்யத்துக்குள் நிலைக்கும். ஆகவே மசோதா டில்லிக்குப் போய் வந்தது. 1968 ஜனவரி 20-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவாக அது இன்றும் இருக்கிறது.

வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் திருமணம் இந்தப் பிரிவின்படி செல்லாது என்று 2014-ல் சென்னை ஐகோர்ட்டு சொன்னது. ஊரறிய நடந்தால்தான் திருமணமா? வீட்டாருக்குப் பயந்து ஓடிவரும் ஜோடிகள் பந்தல் போட எங்கே போவார்கள்? 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஊருக்கு அறிவித்துச் செய்யவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்றது. வக்கீல்கள் தங்கள் தொழில்முறையில் அல்லாமல், நண்பராகவோ உறவினராகவோ சாட்சி நிற்கலாம் என்றும் சொன்னது. நீதிபதிகள் எடுத்துப் படித்தது, 1967-ல் எழுதிய அதே ஷரத்தைத்தான்: உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள்.