சாக்கடை அடைத்தால் ஏன் எங்கள் தெருவுக்கு வருகிறீர்கள்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஊர்த்தெருவிலிருந்து காலனிக்கு ஆள் வரும். "சாக்கடை அடைச்சுக்கிச்சு, ஒரு ஆளை அனுப்பு." குழாய் போட்டது பிளம்பர், சேம்பர் கட்டியது கொத்தனார். அடைத்தால் மட்டும் அவர்களைத் தேடுவதில்லை. எங்களிலும் கொத்தனார் உண்டு, எலக்ட்ரீஷியன் உண்டு, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. அப்பாவுக்கு முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளையையே வரச் சொல்கிறார்கள்.

அந்த அடைப்பில் இருப்பது பெரும்பாலும் உங்கள் சமையல்தான். சோற்றுப் பருக்கை, டீத்தூள், குழம்பில் மிதந்த எண்ணெய். சூடாக இருக்கும்போது ஓடுகிற எண்ணெய்ப் பிசுக்கு குழாய்க்குள் ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். பருக்கை அதில் சேரும். குளியலறையில் முடியும் சோப்பும். இதை எடுக்க ஒரு சாதி வேண்டுமா? பாத்திரம் கழுவுமுன் மிச்சத்தை வழித்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் போகும் வாயில் சின்னச் சல்லடை வையுங்கள். தேங்கினால் கையுறை போட்டு, சேம்பர் மூடியைத் திறந்து, நீள மூங்கில் பட்டையை விட்டுக் குத்துங்கள். அரைமணி நேர வேலை.

ஆசிட்டை ஊற்றிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுவது இன்னொரு கொடுமை. ஊற்றியதைச் சொல்வதும் இல்லை, கையை விட்ட பிறகுதான் எரிகிறது. அங்கே பிளீச்சிங் பவுடரும் கிடந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். வேலை முடிந்து கை கழுவ, எட்ட நின்று தண்ணீர் ஊற்றுவார்கள். கொல்லைப்புறமாக வந்தவர் கொல்லைப்புறமாகவே போக வேண்டும்.

செப்டிக் டேங்க் வேறு விஷயம். அதை நீங்களும் திறக்க வேண்டாம், நாங்களும் இறங்க மாட்டோம். உள்ளே இருக்கும் வாயு நிமிடத்தில் ஆளைச் சாய்க்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர்ச் சாவுகளுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உயிருக்கு அது ஈடா என்று அந்தக் குடும்பங்களைத்தான் கேட்க வேண்டும். 14420-க்குப் போன் செய்தால் உறிஞ்சும் லாரிக்கு வழி சொல்வார்கள்.

படிக்கிற தம்பி, தங்கைகளே, அடுத்த மழைக்கு யாராவது வாசலில் நின்று அப்பாவைக் கேட்டால் அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். சமையலறைச் சாக்கடைதான் என்றால், மூங்கில் பட்டையை வேண்டுமானால் இரவல் கொடுக்கலாம்.