பெரிய டயர் எதற்கு?

மதுரை இளைஞர்களுக்கு இப்போது ஜீப்பு மேல் ஆசை பிறந்திருக்கிறது.

தப்பு இல்லை. ஜீப்பு நல்ல வண்டி. காளையை அடக்குகிறவனுக்கே அதைப் பரிசாகக் கொடுக்கிற சீமை இது. 2024-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, அலங்காநல்லூர் பக்கத்தில் உள்ள கீழக்கரையில் புதிய ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தார்கள். அன்று முதல் பரிசு என்ன தெரியுமா? "தார்" ஜீப்பு!

(அது ஒரு பாலைவனத்தின் பெயர். நம் ஊரிலோ அந்த வண்டி தார் ரோட்டில்தான் ஓடுகிறது!)

ஆசை ஜீப்போடு நின்றால் நாம் இதை எழுத வேண்டியது இல்லை. நிற்பது இல்லையே! வண்டி வீட்டுக்கு வந்த சில மாதத்துக்குள் அதைத் தூக்கி உயரமாக்குகிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள், அல்லது ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை வைக்கிறார்கள். கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிராக்டர் டயர் போலக் கட்டை கட்டையாகப் பல் வைத்த பெரிய டயரை மாட்டுகிறார்கள். டயர், சக்கரம், ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்தால் செலவு லட்சத்தைத் தாண்டும்.

வீட்டில் என்ன நடக்கிறது?

கல்யாணத்துக்குப் புறப்படுகிறார்கள். வாசலில் ஜீப்பு நிற்கிறது. அப்பத்தா சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக் கொண்டு, படியில் கால் வைக்கப் பார்க்கிறாள். எட்டவில்லை.

"என்னடா பேராண்டி, வண்டி பரண் மாதிரி உசந்து போச்சு?"

"பெரிய டயர் போட்டிருக்கேன் அப்பத்தா. சூப்பரா இருக்குல்ல?"

"இருக்குடா. போய் அடுப்படியில கிடக்குற முக்காலியை எடுத்துட்டு வா. நான் ஏறணும்ல!"

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதை முக்காலியோடு முடிந்து விடுவது இல்லை.

பெரிய சக்கரம் நமக்குப் புதிதா? இல்லை. நம் பாட்டன் ஓட்டிய கட்டை வண்டியைப் பாருங்கள். சக்கரம் ஆள் மார்பு உயரம் இருக்கும். ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்? சின்னச் சக்கரம் குழியில் விழுந்து விடும். பெரிய சக்கரம் குழியின் இரண்டு விளிம்பையும் தொட்டுக் கொண்டு தாண்டி விடும். வண்டிப் பாதையில் கிடக்கும் கல்லின் மேலும் சுலபமாக ஏறி இறங்கும். ஆகவே, பெரிய டயர் மாட்டுகிற பையன் சொல்லுவதில் உண்மை இருக்கிறது. மேடு பள்ளத்தில் பெரிய சக்கரம் நல்லதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டன் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கவில்லை. குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, ஏர்க்கால், நுகத்தடி எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தமாகத் தச்சர் செய்து கொடுத்தார். கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி, சக்கரத்தில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்கினார். மாட்டின் உயரம் கூடக் கணக்கில் உண்டு. அந்த வண்டி போன வேகமோ மணிக்கு மூன்று மைல்!

அப்புறம் டயர் வண்டி வந்தது. இதுதான் வேடிக்கை. டயர் வண்டியின் சக்கரம் கட்டை வண்டியின் சக்கரத்தை விடச் சின்னது. அதே இரண்டு மாடுதான். ஆனாலும் கூடுதல் பாரம் ஏற்றினார்கள். மாடுகள் சிரமம் இல்லாமல் இழுத்தன. எப்படி?

காற்று!

1888-ம் ஆண்டு அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று ஆடுவதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். கல் வந்தால் காற்று அமுங்கிக் கொடுக்கிறது. சக்கரம் கல்மேல் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியம் இல்லை. பெரிய சக்கரம் செய்த வேலையில் பாதியைக் காற்று எடுத்துக் கொண்டது.

இதைப் பெரிய டயர் வாங்குகிறவர்கள் மறந்து விடுகிறார்கள். சேற்றிலும் மணலிலும் வண்டியைக் காப்பாற்றுவது டயரின் உயரம் மட்டும் அல்ல. உள்ளே இருக்கிற காற்றின் அளவும்தான். தார் ரோட்டில் 32 பவுண்டு காற்று வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மணலில் இறங்கும்போது அதை 20 பவுண்டாகக் குறைத்தால், டயர் அகன்று படுக்கும். ஒட்டகத்தின் பாதம் போல விரியும். புதையாமல் போகும். வேகம் மட்டும் கூடாது. ரோட்டுக்கு ஏறியதும் மறுபடியும் காற்றை நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். காற்று அளக்கும் கருவியும் சின்னப் பம்பும் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும்.

இனி, டயரைப் பெரிதாக்கினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம்.

2020-ம் ஆண்டு வந்த தார் ஜீப்பின் டயர் ஏறக்குறைய 31 அங்குல உயரம். இது ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 8 அடிக்குக் கொஞ்சம் மேலே நகரும். 35 அங்குல டயரை மாட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 9 அடிக்கு மேல் நகரும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி கூடுதல்!

வேகம் காட்டும் மீட்டர் அடியை எண்ணுவது இல்லை. சுற்றைத்தான் எண்ணுகிறது. பழைய டயர்தான் இருக்கிறது என்று நினைத்துக் கொண்டே எண்ணுகிறது. ஆகவே, மீட்டர் 80 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 90-ல் போய்க் கொண்டிருக்கும். ஓட்டுகிறவர், "நான் நிதானமாகத்தானே போனேன்" என்று சத்தியம் செய்வார். பொய் அல்ல. மீட்டர் அவரை ஏமாற்றி விட்டது.

90-ல் போகும் வண்டியின் உந்து சக்தி, 80-ல் போகும் வண்டியை விடக் கால் பங்குக்கு மேல் அதிகம். அதை நிறுத்த வேண்டியது பழைய பிரேக்குதான். பிரேக்கை யாரும் மாற்றுவது இல்லை! கிணற்று ராட்டினத்தைக் கையால் பிடித்து நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் பிடித்தால் கஷ்டம். விளிம்பில் பிடித்தால் சுலபம். பிரேக்கு சக்கரத்தின் நடுவில் பிடிக்கிறது. டயரின் விளிம்பு தூரமாகப் போகப் போக, அதே பிரேக்குக்குப் பிடி குறைகிறது. பெரிய டயரின் எடையும் பல கிலோ கூடுதல். சுற்றுகிற எடையை நிறுத்துவது இன்னும் சிரமம்.

கிளச்சும் கியரும் திணறுகின்றன. டீசல் கூடுதலாகக் குடிக்கிறது. முன் சக்கரத்துக்குப் போகும் அச்சு, வண்டியைத் தூக்கியதால் சாய்ந்து நின்று சுற்றுகிறது. அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை கிழிகிறது. கிரீஸ் வெளியே வருகிறது; மண் உள்ளே போகிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. உடனே மட்கார்டை வெட்டுகிறார்கள்! ஒன்றைச் சரி செய்ய இன்னொன்று. இப்படியே போகிறது செலவு.

இவை எல்லாம் வண்டிக்காரரின் பணம், அவர் பாடு என்று விட்டு விடலாம். விட முடியாத விஷயம் ஒன்று உண்டு.

வண்டி உயர்ந்தால் முன் பம்பரும் உயர்கிறது. எதிரே வருவது சின்னக் காரோ மொபெட்டோ ஆனால், அந்தப் பம்பர் இடிப்பது இரும்பில் அல்ல. ஆளின் நெஞ்சில், முகத்தில். பானெட்டுக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றால் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. நம் தெருக்கள் எப்படிப்பட்டவை? மாசி வீதிகளில் தள்ளு வண்டியும் சைக்கிளும் பிள்ளைகளும் கலந்துதான் போகிறார்கள். அங்கே பரண் மேல் உட்கார்ந்து கொண்டு வண்டி ஓட்டலாமா?

திருப்பத்தில் இன்னொரு ஆபத்து. தலையில் குடம் வைத்தவள் மெதுவாகத் திரும்புவாள். இடுப்பில் வைத்தவள் சட்டென்று திரும்பலாம். பாரம் மேலே போனால் கவிழும் பயம் அதிகம். நான்கு வழிச் சாலையில் 90-ல் போகும்போது குறுக்கே ஒரு நாயோ ஆடோ வந்தால், ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்கத்தான் தோன்றும். உயர்த்திய வண்டி அதைத் தாங்காது. ஐப்பசி மழையில் இன்னும் மோசம். கட்டைப் பல் டயர் சேற்றைக் கடிக்கச் செய்தது. நனைந்த தாரில் அதற்குப் பிடிப்புக் குறைவு.

"எங்கள் பக்கம் கரிசல் பூமி. மழை பெய்தால் வண்டி போகாது. நாங்கள் என்ன செய்ய?" என்று திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கரிசல் சேறு எந்த டயரின் பல்லிலும் அப்பிக் கொள்ளும். அப்பிய பிறகு பெரிய டயரும் வழுக்கு உருண்டைதான். வயலில் தொளி கலக்க டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் போடுகிறார்களே, அதை மாட்டிக் கொண்டு யாரும் மதுரைக்குச் சினிமாப் பார்க்க வருவது இல்லை!

கம்பெனியில் இருந்து வருகிறபடியே அந்த ஜீப்பின் அடிவயிறு தரையில் இருந்து 226 மில்லிமீட்டர் உயரம். ஏறக்குறைய 9 அங்குலம். 650 மில்லிமீட்டர் தண்ணீரில், அதாவது முழங்காலுக்கு மேல் வரும் தண்ணீரில், இறங்கிப் போகும். மதுரைச் சுற்று வட்டாரத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்? நத்தம் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் மேம்பாலம் கட்டி 2023-ல் திறந்திருக்கிறார்கள். அதில் போவதற்கு 35 அங்குல டயரா?

உண்மையாகவே மோசமான பாதையைப் பார்க்க வேண்டுமானால் கொழுக்குமலைக்குப் போங்கள். அது தேனி மாவட்டத்தில் மலை உச்சியில் இருக்கும் தேயிலைத் தோட்டம். கேரளாவில் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் ஏற முடியும். பாதை முழுவதும் உருட்டுக் கல். அங்கே தினமும் ஏறி இறங்கும் டிரைவர்களின் பிழைப்பே ஜீப்புதான். அவர்கள் நம்புவது டயரின் உயரத்தை அல்ல. முதல் கியரில், கல் பார்த்து, சக்கரம் வைக்கும் இடம் பார்த்து ஓட்டுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த வண்டிச் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது.

அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் இன்சூரன்சையும் நினைக்க வேண்டும். சொல்லாமல் வண்டியை மாற்றியிருந்தால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு தர மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு. நகையை அடகு வைத்து வண்டி வாங்கிக் கொடுத்த தாய்க்கு அப்போது யார் பதில் சொல்வது?

டயர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரைக்கு டயர் தெரியாதது அல்ல. மேலூர் வட்டம் வெள்ளரிப்பட்டியிலேயே டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உங்களில் உண்டு. கேட்கிற பையனுக்கு 18 வயது, 20 வயது. மாட்டிக் கொடுப்பதற்கு முன்னால், "தம்பி, இதற்கு பிரேக் தாங்காது" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வியாபாரம் கொஞ்சம் குறையலாம். குறையட்டுமே!

டயர் தேய்ந்து புதிது வாங்குகிறவர்கள், கதவை அடுத்த சட்டத்திலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ போட்டிருக்கும் அளவைப் பார்த்து அதையே கேளுங்கள். மண் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவான பல் வெட்டு அதே அளவில் கிடைக்கிறது. தோட்டத்துக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கு அதுவே போதும்.

ஏற்கெனவே பெரிய டயர் மாட்டியவர்கள் பழைய டயர்களை என்ன செய்தீர்கள்? மாடியில் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வெடிப்பு இல்லை, பல் தேயவில்லை என்றால் திருப்பி மாட்டலாம். ஸ்பிரிங்குக் கட்டையையும் எடுத்து விடுங்கள். எடுத்த பிறகு சக்கர நேர்த்தியைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். கட்டையை மட்டும் எடுத்துவிட்டு அதை விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். முன் அச்சின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று கீழே குனிந்து பார்க்க வேண்டும். பிறகு அப்பத்தாவை முன் ஸீட்டில் ஏற்றிக் கொண்டு அழகர்கோவில் வரை ஒரு நடை போய் வாருங்கள். 21 கிலோமீட்டர்தான். திரும்பி வந்ததும் நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் இன்னொரு தடவை இறுக்கி விடுங்கள்.