கரும்புகையும் அம்மாவின் முந்தானையும்

சின்ன வயசுல ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்ல மீட்டர் கேஜ் வண்டி கிளம்பும்போது, டீசல் எஞ்சின் குபுகுபுன்னு கரும்புகையைக் கக்கும். எனக்கு ஒரே குஷி. அம்மா மட்டும் முந்தானையால என் மூக்கைப் பொத்துவாங்க.

இன்னிக்கும் ஆல்கோ புகைன்னா ரயில் பைத்தியங்கள் (அடியேனும் சேர்த்தி) உருகிடுவோம். பொன்மலை ஷெட்டுக்காரங்க ஆண்டாண்டு காலமா மல்லுக்கட்டின 251 ரகம். மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4ல 6 சிலிண்டர், அகலப்பாதை டபிள்யூடிஎம்-2ல 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. சரி, அந்தப் புகை எப்படி வருது?

டிரைவர் நாட்ச் ஏத்துனதும் டீசல் கூடுதலாப் பாயும். ஆனா காத்தைத் தள்ளுற டர்போ, எஞ்சின் விடுற புகையோட வேகத்துலதான் சுத்தணும். அது வேகம் பிடிக்க நேரமாகும். அதுவரைக்கும் காத்து பத்தாம பாதி எரிஞ்ச டீசல் கரியா வெளிய வரும். நாம கைதட்டி ரசிச்சது வீணாப் போன டீசலைத்தான்!

பின்னாடி வந்த ஈஎம்டி 710ல, குறைஞ்ச வேகத்துல டர்போவை எஞ்சினே பல்சக்கரம் வச்சு சுத்திவிடும். கரும்புகை கம்மி. அதுக்காக சுத்தம்னு சொல்லிட முடியாது. டீசல் எரியுற சூட்டுல உண்டாகுற நைட்ரஜன் ஆக்சைடுகள் நம்ம கண்ணுக்குத் தெரியாதே.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல அறிவிச்சது. 2020ல லாரிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 6 வந்துச்சு. தில்லைநகர் ஆட்டோவுக்குக்கூட புகைச் சான்றிதழ் வேணும். ரயில் எஞ்சினுக்கு இதெல்லாம் பொருந்தாது. ஒரு டன் சரக்குக்குக் கணக்குப் பார்த்தா லாரியைவிட ரயில் சிக்கனம்தான், ஒத்துக்கறேன். ஆனா எஞ்சின் பக்கத்துலயே நிக்கிற கேங்மேனோட நுரையீரலுக்கு அந்தக் கணக்கு புரியுமா?

இப்ப நம்ம கார்டு லைன்ல தலைக்கு மேல கரண்ட் கம்பி. "புகை நெய்வேலிக்கு இடம் மாறிடுச்சு, அவ்வளவுதான்"னு சில பேர் சொல்றாங்க. பாதி நிஜம். ஆனா ஒரு இடத்துல நிக்கிற புகைபோக்கிக்கு வடிகட்டி போடலாம், கண்காணிக்கலாம். பிளாட்பாரத்துல என்ன பண்றது?

என் கட்சி இதுதான்: ஞாபகத்துக்கு ஒரு ஆல்கோவைப் பத்திரமா வச்சுக்குவோம். இன்னும் ஓடுற ஒவ்வொரு டீசல் எஞ்சினோட புகையையும் அளந்து, ஊருக்கே தெரியுற மாதிரி வெளியிடட்டும்.

அம்மா டர்போ பத்தி எதுவும் படிச்சதில்ல. முந்தானை போதுமா இருந்துச்சு. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?