தறியோசையும் மன அமைதியும்

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களை நாம் அறிவோம். தறி நின்ற பின்னும் அதன் ஓசை காதில் ஓடிக்கொண்டேயிருக்கும். கூலிப் பாக்கியும் பள்ளிக் கட்டணமும் பற்றிய கவலை அதனோடு சேர, இரவு உணவின்போது சிறு பேச்சும் சண்டையாகிவிடுகிறது. அடி வாங்குவோர் பெரும்பாலும் பிள்ளைகளே.

இயேசு சபைக் குரு அந்தோனி டி மெல்லோ 1978-இல் வெளியிட்ட 'சாதனா' என்னும் நூலில் இதற்கேற்ற பயிற்சி ஒன்றுண்டு. ஓசையினின்று தப்ப முயலும்போதுதான் அது நம்மைக் கலைக்கிறது என்பது அவர் கருத்து. ஆகவே கண்களை மூடி, காதில் விழும் ஒலிகளையெல்லாம் இது இனிது, இது தொல்லை என்று பிரிக்காமல் கேட்கவேண்டும். மூச்சையும் அவ்வாறே, அதை மாற்ற முயலாமல், வருவதையும் போவதையும் கவனித்தாலே போதும். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியதும் இதற்கு நெருங்கியதே. அவர் பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்தார். (டி மெல்லோவின் எழுத்துகள் சிலவற்றைக் குறித்து 1998-இல் திருச்சபை எச்சரித்ததையும் வாசகர் அறிதல் நலம். இப்பயிற்சியில் நாம் குறை காணவில்லை.)

வேலை முடிந்து வருபவர் உடனே உள்ளே நுழையாமல் திண்ணையில் ஐந்து நிமிடம் இவ்வாறு அமரட்டும். அதுவரை வீட்டார் எந்தக் கணக்கையும் எடுக்கவேண்டாம். குடும்பச் செபத்தை அதன்பின் தொடங்கலாம்.

ஆனால் கூலி உயர்வுக்குத் தியானம் ஈடாகாது. தறியிரைச்சலால் செவி கெடுவதையும் அது தடுக்காது. அதற்குக் காதடைப்பான் வேண்டும், பஞ்சைத் திணித்துக்கொள்வது போதாது.